வாடிய மரவள்ளிக்கு வாளி வாளியாய்த் தண்ணீர்

போன மாதம் கூலிமிலிருந்து குருண் போய் வந்தேன். என் தங்கை அஞ்சலை அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாளோ என்ற கவலையில்தான் கிளம்பினேன்.

தூரம் சுமார் நாற்பது மைல். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் கட்டிய சைக்கிளில் விடியலில் கிளம்பினால் அந்திக்குள் போய்விடலாம். வழியில் சுங்கைப்பட்டாணியில் ஜப்பான் காவல் சிப்பாய் முன்னால் இறங்கிக் குனிய வேண்டும். நான் சரியாகக் குனியவில்லையாம், கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதைக்கூட விட்டுத்தள்ளலாம். தோட்டத்தில் கண்டதுதான் என்னை உலுக்கிவிட்டது.

ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளி போட்டிருந்தார்கள். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. அஞ்சலை ரப்பர் பால் சுமக்கும் வாளியில் ஓடைத் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வாடுதுண்ணே. எவ்ளோ ஊத்தினாலும் பத்த மாட்டேங்குது.”

ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. ரப்பர் தோட்டத்தில் மழைநீர் ஓடிவிடாமல் வரிசைக்கு வரிசை குழி வெட்டியிருப்பார்கள். மண் பொதுபொதுவென்று இருக்கிறதே என்று, ரப்பர் பால் வெட்டியே பழகிய நம் ஜனங்கள் அந்தக் குழிகளிலேயே மரவள்ளிக் குச்சியை நட்டுவிட்டார்கள். அஞ்சலை மட்டுமல்ல, லயத்து வீட்டுக்காரர்கள் முழுக்க!

யுத்தத்துக்கு முன் மண் பரிசோதிக்கும் துரையிடம் வேலை பார்த்தவன் நான். மண்ணின் ஈரத்துக்கு அவர் மூன்று பெயர் வைத்திருந்தார். தமிழில் இப்படிச் சொல்லலாம். இண்டு இடுக்கெல்லாம் நீர் நிரம்பிக் காற்றுக்கு இடமில்லாமல் போனால் நிறை ஈரம். மிஞ்சியது வடிந்து, மண் பிடித்து வைத்திருப்பது தாங்கு ஈரம். வேரால் உறிஞ்ச முடியாத அளவுக்குக் குறைந்தால் வாடல் ஈரம். ஆனால் நிறை ஈரத்திலும் வேர் மூச்சுமுட்டி அழுகும், அப்போதும் இலை வாடத்தான் செய்யும்.

இதைச் சொல்லிக்கொண்டே செடியைப் பிடுங்கினேன். கிழங்கு கறுத்துக் கூழாய்ப் போயிருந்தது. நாறியது.

“பேரெல்லாம் இருக்கட்டும்ணே. பிள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்?”

எழுந்து மேட்டுப் பக்கம் போய்த் தோண்டிப் பார்த்தேன்.

குழிகளில் நட்டது போக மிச்சமென்று அவள் மேட்டில் வேலிக்காகச் செருகிய நாலைந்து குச்சிகள் மட்டும் கிழங்கு வைத்திருந்தன. அவித்துத் தின்றோம். மறுநாள் அந்தத் தண்டுகளை வெட்டி மேட்டிலேயே நட்டோம்.

மரவள்ளி போட நினைப்பவர்கள் குழியை நம்ப வேண்டாம். மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சாப்பிட ஏதாவது கையோடு கொண்டுபோங்கள்.

கிளம்பும்போது அஞ்சலை கேட்டாள்: “இது கிழங்கு வைக்க எத்தனை மாசமாகும்ணே?”

“எட்டு மாசமாவது ஆகும்.”

பிள்ளைகளைப் பார்த்தாள். “அப்ப சின்னவள நீ கூட்டிட்டுப் போயிடு.”

சின்னவளைச் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பினேன். சுங்கைப்பட்டாணியில் அவளும் இறங்கி, என்னைப் பார்த்துப் பார்த்துக் குனிந்தாள்.