நீல விளக்குப் பூட்டிய கார்

பிள்ளைகளே, தன்னாமுனையில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன். அவர் வாங்கிய புதுக் காரில் நீல விளக்குகள் எரிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. என் பழைய காருக்கும் நானே நீல விளக்குப் பூட்டி, வயரைப் பியூஸ் பெட்டியில் கண்ட இடத்தில் சொருகினேன்.

மறுநாள் காலை மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, ஆனால் கார் கிளம்பவில்லை.

மச்சான் வந்து, “பிள்ளைய என்ட கார்ல ஏத்துங்க” என்றார்.

“தேவையில்ல, இப்ப கிளம்பும்” என்று வீம்புக்குத் திருப்பிக்கொண்டே இருந்தேன். மகள் அழத் தொடங்கினாள்.

மச்சான் காது கொடுத்துக் கேட்டார். “சாவி போட்டதும் பின் சீட்டுக்குக் கீழ பெற்றோல் பம்ப் இரையணும். சத்தமே இல்லயே.”

பியூஸ் பெட்டியைத் திறந்தார். பம்பின் பியூஸ் கருகியிருந்தது. அதில்தான் என் விளக்கு வயர்.

“இதென்ன மச்சான், கலியாண வீட்டு லைட்டா? மறுகா கோவிப்பம், இப்ப ஏறுங்க!”

அவர் காரில்தான் போனோம். மணி அடிக்கும்போது மகள் உள்ளே ஓடினாள்.

இப்போது பம்பின் சத்தத்தைக் கேட்ட பிறகே ஸ்டார்ட் செய்கிறேன். விளக்கைக் கழற்றிவிட்டேன். பொறாமை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் கார் கிளம்பாவிட்டால் முதலில் மச்சானைத்தான் கூப்பிடுகிறேன்.