பதினான்காம் எண் சாமி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் தங்கியிருக்கும் சாதுக்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடந்தது. மென்பொருள் வேலையில் இருக்கும் நான், பதிவு செய்ய மடிக்கணினியோடு போயிருந்தேன். படிவம் நானே உருவாக்கியது. பெயர், தந்தை பெயர், சொந்த ஊர். மூன்றையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அப்படி அமைத்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் ஆளிடமே சிக்கல். பெயர் கேட்டேன்.

"சாமினு போட்டுக்கம்மா."

"அப்பா பேரு?"

"அதெல்லாம் வுட்டுட்டுதானம்மா வந்தோம்."

சொந்த ஊரைக் கேட்டதும் அவருக்குப் பின்னால் நின்ற சாது, "மாப்ள பாக்க வந்துகிறாங்க போல, விசாரணை ஜாஸ்தியா கீது" என்றார். வரிசையே சிரித்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பெயர் 'சாமி', தந்தை பெயருக்கு ஒரு கோடு, ஊர் 'திருவண்ணாமலை' என்று வேகமாக அடித்துத் தள்ளினேன். இருபதுக்கும் மேற்பட்ட சாமிகள். படிவம் எல்லோரையும் ஏற்றுக்கொண்டது.

பிற்பகல் மூன்று மணிக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. டாக்டர் கூப்பிட்டார்.

"பதினாலாம் நம்பருக்கு சுகர் பயங்கரமா ஏறியிருக்கு. உடனே அட்மிட் பண்ணணும். யாருங்க இவரு?"

"சாமி, சார்."

"எந்த சாமி?"

எதையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் கைகொடுத்தது. பதினான்குக்கு எதிரே ஒரே வரி: இடது காலில் நீலத் துணிக் கட்டு.

ஸ்கூட்டரில் கிளம்பினேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அந்த நீலக் கட்டுக்காரரின் பெயர் தெரியுமா, எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அரை மணி நேரம் போனது. குளத்தருகே, காலையில் கேலி செய்த அதே சாது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் மாப்ள கெடைக்கலியா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"பேரு, ஊரு நாங்களே கேட்டுக்க மாட்டோம்மா. எங்க குந்துவாருனு கேளு. நீலத் துணிதான? ரெட்டை வேப்பமரத்தாண்ட, என் பக்கத்து எடம். மதியம் சோத்து வரிசையில அவரு எடம் காலியா இருந்துச்சு. பாத்துட்டு வரச்சொல்லி அப்பவே ஒருத்தர அனுப்பிகிறேன்."

பெயரே இல்லாத அவர்களிடம், யார் வரவில்லை என்ற கணக்கு இருந்தது. என் பட்டியலில் அது இல்லை.

அந்தச் சாதுவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் அந்தப் பெரியவர் சுருண்டு கிடந்தார். தேடிப் போனவர் அவர் தலையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அழைத்தால் முனகல் மட்டும் வந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. கேலிக்காரரும் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் நர்ஸ் கேலிக்காரரிடம் கேட்டார், "நீங்க அவருக்கு என்ன ஒறவு?"

"பக்கத்து எடம்."

நர்ஸ் பேனாவோடு என்னைப் பார்த்தார். "அப்படியே எழுதிக்குங்க" என்றேன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "கண்ண முழிச்சிட்டாரு, இனி பயமில்ல" என்றபோதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அடுத்த முகாமுக்கு அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டு, 'எங்கே உட்காருவார்? பக்கத்து இடம் யார்?' என்று மாற்றினேன். இப்போதும் அலுவலகத்தில் ஒரு கேள்விக்குக் 'கட்டாயம்' என்று குறியிடப் போகும்போதெல்லாம், அதற்குப் பதில் வைத்திராத ஒருவர் எங்கோ ஒரு மரத்தடியில் இருக்கக்கூடும் என்று கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.