கருப்பு இறங்கிய டேக்

குரல்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலுச்சாமி அண்ணன் ஆடத் தொடங்கியபோது மணி பதினொன்று பத்து.

இராஜபாளையத்தில் ஒரு சிறிய டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் எழுதுகிறேன். அன்று ஓடியது ஜப்பானியத் தொடர். நூடுல்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஐந்து பேர், ஊருக்குத் தெரியாமல் அரக்கர்களோடு சண்டையிடுவார்கள். உடையின் நிறம்தான் அவர்களுக்குப் பெயர். மாடி உச்சியில் நிற்கும் கருப்பு உடைக்காரரை, ஐவரின் தலைவர் தங்களோடு சேர்ந்து சண்டையிட அழைக்க வேண்டும். தலைவரின் வாய் ஆறு தடவை அசைந்தது. 'கருப்பா, இறங்கு' என்று எழுதினேன். சொல்லிப் பார்த்து எண்ணினேன், அதிலும் ஆறு அசைவு.

தலைவருக்குக் குரல் கொடுத்த வேலுச்சாமி அண்ணன், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மம்சாபுரத்துக்காரர். குலதெய்வமான கருப்பசாமிக்குச் சாமியாடியாக இருந்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபின் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

"அண்ணே, ஏட்டையா மாதிரி அதட்டுதீய. கொஞ்சம் உருக்கமா கூப்பிடுங்க" என்றார் இன்ஜினியர் ஜெபராஜ்.

"உருக்கமா கூப்பிட்டா எவம்லே இறங்குவான்?" என்று சிரித்தார் அண்ணன்.

வாயசைவு பிடிபடுவதற்காகக் காட்சியை லூப்பில் போட்டோம். பின்னணியில் பெரிய மேளம். அது திரும்பத் திரும்ப அவர் ஹெட்போனில் அடித்தது. நான்காவது தடவை வந்த குரல் அவருடையது அல்ல. ஒலி அளவு காட்டும் மீட்டர் சிவப்பில் நின்றது. கதவு உள்பக்கம் திறப்பது. அதன்மேல் மோதி மோதி ஆடினார். எங்களால் தள்ள முடியவில்லை.

ஜெபராஜ் லூப்பை நிறுத்தி, அண்ணனின் ஹெட்போனில் கேட்கும் டாக்பேக் மைக்கை அழுத்தினார். ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர்.

"சாமி, மலையேறுங்க சாமி. அண்ணன் நெஞ்சு தாங்காது. மலையேறுங்க."

இரண்டு முறை சொன்னார். அண்ணன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். சாயங்காலம்தான் பயமில்லை என்றார்கள். அதுவரை வராண்டாவில் அவர் மனைவி முத்துலட்சுமியின் எதிரே நின்றேன்.

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

"மேளச் சத்தம் கேட்டா அவிய நிக்க மாட்டாவன்னு மூணு வருசமா கோயில் பொங்கலுக்கே கூட்டிட்டுப் போகலம்மா. நீங்க மேளத்தையும் அடிச்சு, பேரையும் சொல்லிக் கூப்பிட்டுருக்கீய."



மறுநாள் முதலாளி, அண்ணன் ஆடியபோது பதிவான அந்த டேக்கைக் கேட்டார். "இதையே வச்சிருங்க. எவன் இப்படி நடிப்பான்?" என்றார். அது நடிப்பில்லை என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே அழித்தேன். வேறொருவரை வைத்து, 'பிளாக், கீழ வாடா' என்று பதிவு செய்தோம். அதுவும் ஆறுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சொல் வாயசைவுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. பேசப்போகிறவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது தாளைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள்.