இ, எச், டி, அரைப்புள்ளி

இ, எச், டி, அதை அடுத்து ஓர் அரைப்புள்ளி. மூன்றுமே ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள். மைசூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், திரையின் இடது மூலையில் அவற்றை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எனக்குத் தெரியாதது எதுவும் கம்ப்யூட்டருக்குள் இருக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பார்த்த மாத்திரத்தில் குப்பை என்று முடிவுகட்டினேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

லாப்டாப்பைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். கௌதள்ளிக்காரர். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் வைத்தியத்துக்காக மைசூருக்குக் குடிவந்தவர். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் தன் பழைய லாப்டாப்பை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். அந்த அம்மா படுத்துக்கொண்டே பழைய கதைகளைச் சொல்லச் சொல்ல, இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விரலால் தட்டுவாராம். இரண்டு வருடம் இது நடந்திருக்கிறது. அவர் கடைக்கு வந்தபோது அந்த அம்மா இறந்து எட்டு மாதமாகியிருந்தது. லாப்டாப்பைத் திறந்தால் உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் மட்டும் வந்தது.

“மகன் வந்தா பிரிண்டு எடுத்துக்கலாம்னு உட்டுட்டேன் அம்மணி. அவ பேசுனது அத்தனையும் இதுக்குள்ளதான் கெடக்குது. மத்தது எது போனாலும் போகட்டும், அத மட்டும் எடுத்துக் குடு” என்றார். மனைவி பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும் என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் அதே கொள்ளேகால் பக்கத்துப் பேச்சுதான் என்பதால், முதல் நாளே நான் அவருக்கு அம்மணியாகிவிட்டேன்.

உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் வட்டைக் கழற்றி, கடையிலிருந்த மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டாவது வட்டாக மாட்டினேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு சூடேறி முரண்டு பிடிக்கும். உடனே அணைத்து, பாலிதீனில் சுற்றி, கீழே ஜூஸ் கடையின் ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைப்பேன். கடைக்காரர், “மேடம், இதுக்கும் சக்கரை போடணுமா?” என்று கன்னடத்தில் கிண்டலடிப்பார். ஓவர்சியர் சொன்ன ஃபோல்டர் இருந்தது. நாற்பத்தோரு கோப்புகள். முதல் மூன்றை மேசைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துத் திறந்தேன். மூன்றும் இ, எச், டி, அரைப்புள்ளி என்றே தொடங்கின. அதற்குக் கீழே தலையும் காலும் புரியாத எழுத்துக் குவியல். மூன்று கோப்பும் ஒரே மாதிரி தொடங்கியதே, எல்லாம் ஒரே விதமாகச் சிதைந்துவிட்டன என்பதற்குச் சாட்சியாக எனக்குப் பட்டது. மீதி முப்பத்தெட்டை நான் தொடவே இல்லை. நல்ல நகல் வேறெங்காவது ஒளிந்திருக்கும் என்று வட்டு முழுவதையும் துழாவத் தொடங்கினேன். அதற்கு மிஞ்சியிருந்த கொஞ்ச உயிரையும் அந்தத் தேடலில்தான் செலவழித்தேன். நான்காம் நாள் தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு அது சுழலவில்லை.

அவரிடம், “ஃபைலெல்லாம் ஹாளாயிடுச்சுங்க சார்” என்றேன். கெட்டுப்போனதைச் சொல்ல எனக்குக் கன்னட வார்த்தைதான் வாயில் வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட, அந்த மூன்றில் ஒன்றின் முதல் பக்கத்தை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சிட்டுக் கொடுத்தேன். எவ்வளவு பொறுப்பான பெண் பாருங்கள்! அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நீயும்தான் என்ன பண்ணுவே” என்று சொல்லிவிட்டு, செத்த வட்டையும் லாப்டாப்பையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று மாலையே அந்த மூன்று கோப்புகளையும் அழித்து இடத்தைக் காலி செய்தேன்.

அதன் பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அவர் கடைக்கு வருவார். வேலை ஒன்றும் இருக்காது. என் மேசைக்கு எதிரே கிடந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் திருகாணி முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாலை வேலையில் யானைக்குப் பயந்து ரோடு ரோலர் மேல் ஏறி நின்ற கதையைக் குறைந்தது நான்கு முறை சொல்லியிருப்பார். வீட்டில் பேச ஆளில்லாத மனிதர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சில நாள் சலித்துக்கொண்டு, வேலை இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு டிடிபி கடைக்காரர் பழுதான கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கன்னடக் கல்யாணப் பத்திரிகையை எங்கள் கம்ப்யூட்டரில் திறந்தேன். மணமகன் பெயரிருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன. “இதுவும் ஹாளாயிடுச்சு” என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஃப்ளாப்பியிலிருந்து கன்னட எழுத்துக்கான ஃபான்ட் ஒன்றைப் போட்டார். அடுத்த நொடி அத்தனையும் அழகான கன்னடமாக நின்றது. எனக்கு அந்த இ, எச், டி, அரைப்புள்ளி நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் எழுதினால் அது இங்கிலீஷாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓவர்சியர் தமிழில் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாயைத் திறந்தால் தமிழ் பேசுகிற, ஆனால் கன்னடப் பள்ளியில் படித்துத் தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத எனக்கு, எப்படித் தோன்றும்? நாற்பத்தோரு கோப்புகளும் ஒரு குறையும் இல்லாமல் என் கண்ணெதிரே இருந்திருக்கின்றன.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். உள்ளே கால் வைத்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தமிழ்தான் சார், எல்லாம் நல்லாத்தான் இருந்துது, நான்தான் பார்க்கலை என்று அழுதேன். அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். நான் அச்சிட்டுக் கொடுத்த அதே தாள். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் கீழே பென்சிலால் ஒரு தமிழ் எழுத்து. எந்தச் சாவியைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று மகன் எழுதிக் கொடுத்த அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒன்றொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

“மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு அம்மணி.”

“ஏனுங்க சார் சொல்லலை? கடைக்கு வந்துட்டுத்தானே இருந்தீங்க?”

“சொன்னா அப்பறம் நீ என் மொகத்தப் பாப்பியா? நான் எங்க போயி உக்கார்றது?”

எனக்கு வாசிக்க வராது என்பதால் அவரே வாசித்துக் காட்டினார். ‘நான்தான். நான் சொல்லச் சொல்ல இவர் தட்டுகிறார். சொன்னதைத்தான் தட்டுகிறாரா, சொந்தமாக எதையாவது சேர்க்கிறாரா, பார்க்க எனக்குக் கண்ணில்லை. பின்னால் யாராவது படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ அதற்குப் பிறகு கௌதள்ளியில் ஒரு மழை நாள் தொடங்கியது. அது பாதியில் இருக்கும்போதே தாள் முடிந்துவிட்டது. எந்தக் கதையைத் தொடங்கினாலும் அந்த அம்மா ‘நான்தான்’ என்றுதான் தொடங்குவாராம். கண் போன பிறகு, அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் வந்த பழக்கம் என்றார்.

அவர் பயந்ததுதான் நடந்தது. அதன் பிறகு இரண்டு முறை வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தலை நிமிரவே இல்லை. சாலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, அவரே நிறுத்திக்கொண்டார். மூன்றாம் முறை வரவில்லை. என் மனப்பாரத்தை இறக்கிவைக்கத்தான் அன்று நான் போனேன். இறக்கியும் வைத்தேன். அதற்காக அவருக்கு உட்கார இருந்த ஒரே இடத்தையும் பறித்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீட்டைக் காலிசெய்துகொண்டு மகனிடம் போய்விட்டதாக, பல மாதம் கழித்து ஜூஸ் கடைக்காரர் சொன்னார். வாசலிலிருந்து கடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே ஏறாமலேயே போனாராம்.

தமிழ் எழுத்தை நான் முப்பது வயதுக்கு மேல்தான், பஸ் பலகையிலும் பழைய வாரப் பத்திரிகையிலும் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது, எழுத்து உடைவதில்லை. அந்த இரும்பு ஸ்டூலைக் கடை மூடியபோது கேட்டு வாங்கி வந்தேன். இங்கே என் மேசைக்கு எதிரே கிடக்கிறது, யாரும் உட்காருவதில்லை. சில நாள் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இ, எச், டி, அரைப்புள்ளி என்று தட்டிப் பார்ப்பேன். வேறு யார் பார்த்தாலும் குப்பை என்றுதான் சொல்வார்கள். நான் இப்போது அதை ‘நான்’ என்று வாசிக்கிறேன்.