உண்மையான வசனம் மட்டும்

அந்த வகுப்பைப் பற்றி என் மனைவிதான் முதலில் சொன்னாள். பதுளையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், பெரியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம். கடினமான சொற்களைப் படித்து, அவற்றை வசனத்தில், அதாவது ஒரு முழு வாக்கியத்தில், வைத்துப் பேச வேண்டும்.

"உனக்கு எதுக்குக் கஷ்டமான வார்த்தை? லேசானது போதாதா?" என்றேன்.

"எத்தன வருஷத்துக்கு ஃபைன், ஃபைன்னே சொல்லிக்கிட்டு இருக்குறது? அந்தப் புள்ள எப்படி இருக்கீங்கன்னு கேக்குது. நான் ஃபைன்ங்குறேன். அதோட ஃபோன நீங்க வாங்கிக்கிறீங்க."

அந்தப் புள்ள எங்கள் மருமகள். மகன் ஆஸ்திரேலியாவில் கல்யாணம் செய்துகொண்ட பெண். ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அப்போது மாசமாக இருந்தாள். ஞாயிறுதோறும் அழைப்பு வரும். என் மனைவி ஃபைன் சொல்வாள், மிச்சத்தை நான் பேசுவேன். நான் நடுவில் இல்லாமல் மருமகளோடு தானே பேச வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

எனக்குப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, கணக்கும் கடிதமும் பார்க்கும் எழுத்தராக இருந்து, துரைமார் சார்பில் கடிதம் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன் நான். துணைக்குப் போவதாகச் சொல்லித்தான் எங்கள் ஊர் பசறையில் பஸ் ஏறினேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. மகள் வயதுகூட இருக்காது. "ஐயா, வசனம் உண்மையா இருக்கோணும். உங்கட வீட்டில நடந்ததைத்தான் சொல்லோணும். பொய் வசனம் பஸ்ஸில ஏறுறதுக்குள்ள மறந்துபோயிடும்" என்றாள். எனக்கு வந்த சொல் ரிலக்டன்ட். மனமில்லாமல் தயங்குவது. எழுந்து நின்றேன். 'கீழே கையொப்பமிடுபவராகிய நான்' என்றுதான் ஆங்கிலத்தில் வாய் தொடங்கியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பக்கத்தில் என் மனைவி எழுந்தாள். "மை ஹஸ்பண்ட் இஸ் ரிலக்டன்ட் டு வாஷ் லீக்ஸ்."

மேல்மாடி அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மடிப்புக்கு மடிப்பு மண் ஒளிந்திருக்கும் அந்த லீக்ஸ் தண்டைக் கழுவ எனக்கு மனமில்லை என்பது உண்மைதானே!

அதன்பிறகு சனிக்கிழமைக்காக நான்தான் அதிகம் தவித்தேன். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொல்லை எடுத்து ஆளுக்கொரு வசனம் சொல்வோம். பஸ் நின்று நின்று போனால் ப்ரொக்ராஸ்டினேட். தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது. கண்டக்டர் தம்பி எங்களைப் பார்த்தாலே, "அம்மா, இன்னைக்கு என்ன வார்த்த? டிரைவர் அண்ணன ஏசுற மாதிரி ஒன்னு இருந்தா குடுங்க" என்பான். வெலிமடை உருளைக்கிழங்கை நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, மழை வந்து அதையே ஓடி எடுக்கும்போது, எதைச் செய்தாலும் ஒரு வசனம் கிடைத்தது. இத்தனை வருடம் ஆங்கிலம் எழுதியும், அதில் என் வீட்டைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. புதிதாக ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் என் புத்தி போகவில்லை. அவள் வசனங்களுக்குக் கைதட்டல் கிடைத்தது; என்னுடையவை சரியாக இருந்தன, அவ்வளவுதான். எனக்குப் பொறாமை. இதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

ஒரு சனிக்கிழமை அவளுக்கு வந்த சொல் அப்ரிஹென்சிவ். என்ன நடக்குமோ என்று உள்ளுக்குள் கலங்குவது. அன்று காலையிலிருந்து அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவள் போல எழுந்தாள். "மை டாட்டர் இன் லா…" என்று தொடங்கி, அடுத்த சொல்லுக்காக ஒரு கணம் நின்றாள். நான் உட்கார்ந்தபடியே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். மருமகள் பிரசவத்தை நினைத்து அப்ரிஹென்சிவாக இருக்கிறாள் என்று. அழகான வசனம். கைதட்டினார்கள், எனக்கு. அவள் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் எந்த வளைவிலும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள்.

"வரலியா?"

"நீங்க போயிட்டு வாங்க. என் வசனத்தையும் நீங்களே சொல்லிருங்க."

தனியாகப் போனேன். அன்றைய சொற்களில் ஒன்று யூஸர்ப். இன்னொருவருக்கு உரியதைப் பறித்துக்கொண்டு அதில் உட்கார்ந்துகொள்வது. உண்மையான வசனம் வேண்டும் என்றாள் டீச்சர். எழுந்து சொன்னேன்: "ஐ யூஸர்ப்ட் மை வைஃப்ஸ் சென்டன்ஸ்." யாரும் கைதட்டவில்லை. "ஐயா, அதை வீட்டிலயும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே சொன்னேன், அர்த்தத்தோடு. அவள் முறைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு வார்த்தையே வச்சிருக்கானா வெள்ளக்காரன்?"

"வச்சிருக்கான்."

"வச்சிருப்பான், வச்சிருப்பான். அவனுக்குத் தேவப்பட்டிருக்கும்." சிரித்துவிட்டாள். "நாளைக்கு ஃபோன் வரும். வாயத் தொறந்தீங்க, பாத்துக்குங்க."

மறுநாள் அழைப்பு வந்தது. வழக்கம்போல் மருமகள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். என் மனைவி ஃபைன் சொல்லவில்லை. "ஆர் யூ அப்ரிஹென்சிவ்?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புரியவில்லையோ என்று நான் வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். பிறகு மருமகள் பேசத் தொடங்கினாள். கடகடவென்று, நடுவில் அழுதுகொண்டு. பாதிக்கு மேல் என் மனைவிக்குப் புரிந்திருக்காது. "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மருமகள் ஓய்ந்ததும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்: "ஐ வாஸ் ஆல்ஸோ அப்ரிஹென்சிவ். நோபடி ஆஸ்க்ட் மீ."

ஃபோனை வைத்ததும் துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தீங்களா? நீங்க இல்லாமலே பேசிட்டேன்! அழுதுச்சுங்க அது, என்கிட்ட அழுதுச்சு!"

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவளுடைய கடைசி வசனம் காதை விட்டுப் போகவில்லை. வசனம் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும்.

"அப்போ ரொம்பப் பயமா இருந்துச்சா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"இப்பவா கேக்குறீங்க?" என்றாள். ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்போடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகன் பிறந்த அன்று, தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த வழியைச் சொல்லத் தொடங்கினாள். அவள் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். நான் முன் சீட்டில் டிரைவரோடு கொழுந்து விலை பேசிக்கொண்டு வந்தேனாம். எனக்கு அது நினைவே இல்லை.