சுவருக்கு அங்காலை

அக்காவின் கூறைச்சேலை லண்டன் சட்டனில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் வழியில், பெட்டி பாரம் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனவர் பிறகு திருப்பிக் கேட்கவில்லை. இன்று வெயில் என்று லண்டன் ஒப்புக்கொள்ளும் அபூர்வ நாட்களில் அதை எடுத்து யன்னலில் விரித்துத் தொங்கவிடுவேன். அரக்குப் பட்டு. அதன் உடம்பெங்கும் வரிசையாகத் துளைகள். வெளிச்சம் அவற்றினூடாக இறங்கிக் கம்பளத்தில் பொட்டுப் பொட்டாக விழும். மேகம் வந்தால் பொட்டுகள் கரையும், விலகினால் திரும்ப முளைக்கும். கட்டிலில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "சீலை காயுதோ, நீங்கள் காயுறியளோ?" என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வரும்.

அத்தனை துளைகளையும் போட்டது ஒரே ஒரு குண்டு. சண்டைக் காலத்தில் எங்கிருந்தோ வந்து, எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு யன்னலால் நுழைந்து, அலுமாரிக் கதவைத் துளைத்து, மடித்து வைத்த கூறையின் ஒவ்வொரு மடிப்பையும் கடந்து, பின்பலகையையும் அறையைப் பிரித்த பலகைத் தட்டியையும் தாண்டி, கடைசியில் ஒரு நெல் மூட்டைக்குள் போய் நின்றுவிட்டது. மூட்டைக்கு அந்தப் பக்கம் பாயில் சிறுபிள்ளையாக நான். நல்ல நித்திரை. என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய சம்பவத்தையும் தூங்கித் தவறவிட்டவன் நான். கலியாணம் முடிந்து சில மாதங்களேயான அக்காதான் ஓடிவந்து, என்னைத் தூக்கி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாராம். தன் கூறை என்ன ஆனது என்று அதற்குப் பிறகுதான் பார்த்தாராம்.

அந்த அக்கா டெக்சாஸில் பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த ஒரு கடை நடத்தினார். அத்தான் இறந்த பிறகு தனியாகத்தான் நின்றார். ஒருநாள் ஒருவன் உள்ளே வந்து துப்பாக்கியை அவர் நெற்றியில் வைத்து, கல்லாவில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனான். அடுத்த கிழமை அக்கா துப்பாக்கிக் கடையிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். எங்கள் குடும்பத்தில் எதையும் தனியாக வாங்கும் வழக்கம் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியோ, பட்டுச் சேலையோ, மாப்பிள்ளையோ, போனில் ஊர் ஊராகக் காட்டித்தான் முடிவெடுப்போம். துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் விலக்கு எதற்கு?

லண்டன் டூட்டிங்கில் என் பலசரக்குக் கடையில் அப்போது பின்னேரம். போனை முருங்கைக்காய்க் கட்டில் சாய்த்து வைத்தேன். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஒரு சுவர்.

"தம்பி, ஒழுங்காப் பார்த்துச் சொல்லு."

"அந்த நீலப் பெட்டி வடிவாயிருக்கு அக்கா."

"நான் என்ன சீலையே எடுக்கிறன், விசரா?"

என்னிடம் கேட்டதுதான் வேடிக்கை. கள்ளன் வந்தால் என் கையில் அகப்படக்கூடிய ஆயுதம், பனிப்பெட்டியில் கிடக்கும் முழு அறக்குளா மீன் ஒன்றுதான். அதைத் தூக்கி ஓங்குவதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அக்காவிடமும் சொன்னேன்.

விற்பனையாளர் வெள்ளைத் தாடிக்காரர், பொறுமைசாலி. அக்கா வாங்கிய புதுத் துப்பாக்கி ஒன்பது மில்லிமீட்டர். அத்தான் விட்டுப்போன குட்டைக் குழல் ரிவோல்வர் முப்பத்தெட்டு. ஒன்றின் குண்டு மற்றதற்குச் சேராது. உருண்டை மூக்குக் குண்டு ஆளைத் துளைத்து வெளியே போகக்கூடியது, பயிற்சிக்கு அது போதும் என்றார். நுனியில் குழி உள்ளது உடம்புக்குள் பூப்போல விரியும், பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். ஆனால் குட்டைக் குழலில் வேகம் குறைவதால் சில விரியாமலே போகும், அதனால் முப்பத்தெட்டுக்கு அதற்கென்றே செய்ததைத்தான் எடுக்க வேண்டும். ஒன்பதுக்கு எதை எடுத்தாலும், சிக்காமல் ஓடுகிறதா என்று சொந்தத் துப்பாக்கியில் முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாடிக்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ நெடுநேரம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்ரை கடைச் சுவருக்கு அங்காலை முடிவெட்டுற கடையடா. அதை நடத்துற பிள்ளையின்ரை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாங்குப் பலகையிலை நித்திரை கொள்ளுறவள். எது அங்காலை போகாது எண்டு கேட்டன்."

"என்ன சொல்லுறார்?"

"ஆளிலை பட்டால் நிக்குமாம். தவறினால் எதுவும் நிக்காதாம். இஞ்சத்தைச் சுவர் வெறும் காகித மட்டைதானேயடா."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அது அடிக்கடி நடப்பதில்லை. "அப்ப வேண்டாம் அக்கா" என்றேன்.

"வேண்டாமெண்டு விட்டிட்டு? நெத்தியிலை வைச்சவன் திரும்ப வந்தால் நீ மீனோடை வருவியோ?"

குழி நுனிக் குண்டுகளில் இரண்டு அளவிலும் எடுத்துக்கொண்டு போனை வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறை அவர் அழைப்பு வரும்போதும் எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று அக்காவைப் பற்றியது. மற்றது, நான் கண்டே இராத, வாங்கில் தூங்கும் ஒரு பிள்ளையைப் பற்றியது.

இப்படியே வருஷங்கள் போய், சென்ற மாதம் அக்கா கடையை விற்றார். சாவியைக் கொடுப்பதற்கு முன் போனைத் தூக்கிக்கொண்டு எனக்குச் சுற்றிக் காட்டினார். கல்லா, சிகரெட் தட்டு, கோப்பி இயந்திரம். கல்லாவுக்கு எதிரே, முடிவெட்டும் கடைப் பக்கச் சுவர் வந்தபோது நிறுத்தச் சொன்னேன். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, இரட்டை வரிசையில், அரிசி மூட்டைகள்.

"உங்கை ஆர் அக்கா மூட்டையிலை அரிசி வாங்கினம்?"

"ஒருத்தரும் வாங்கேல்லை. வண்டு பிடிச்சால் புதுசு மாத்துவன்."

"சுட்டனீங்களோ?"

"பழகிற இடத்திலை சுட்டனான். கடையிலை ஒருக்காலும் இல்லை. ஏனெண்டால் ஒருத்தனும் வரேல்லை." தொடர்ந்து, "சுவருக்கு அங்காலை நித்திரை கொண்டவள் இப்ப கொலிச்சுக்குப் போறாள்" என்றார். பிறகு மூட்டையொன்றைத் தட்டிக் காட்டினார். "வடிவாப் பார். உன்னைப் போலத்தான் இருக்கு. தொப்பையும் சோம்பலும்."

இன்று சட்டனில் வெயில். கூறையைத் தொங்கவிட்டேன். யன்னலிலிருந்து உள்ளே, பொட்டுகள் கம்பளத்தில் வரிசையாக நடந்து, கட்டில் காலுக்கு அருகில் நின்றுவிட்டன. கடைசிப் பொட்டுக்கு அங்காலை வெறும் தரை. அங்கே ஒரு தலையணையைப் போட்டுப் படுத்தேன். கீழேயிருந்து மனைவி ஏதோ கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்வதற்குள் நித்திரை வந்துவிட்டது.