சல்லடைக்கு அடியில் இருந்தது

ஒரகடத்தில் ஒரே வீட்டில் ஐந்து பெண்கள் தங்கியிருக்கிறோம். எல்லோருக்கும் கம்பெனி வேலை, ஒரே குளியலறை. நான் மூத்தவள் என்பதால் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஒருமுறை ஷவருக்குக் கீழே தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை நின்றது. சல்லடை மூடியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தென்காசிப் பக்கமிருந்து வந்த மரியாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வேறு யாராக இருக்க முடியும்?

"உன் முடியாலதான் அடைச்சிக்கினு கீது. வெட்டிக்கோ, இல்லன்னா வேற வூடு பாத்துக்கோ" என்றேன்.

"அம்மைக்குச் சொகமாவணும்னு வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கேன்க்கா. அங்க போய்த்தான் எறக்கணும்."

"அதுவரைக்கும் நாங்க சாக்கடைல குளிக்கணுமா?"

கத்தரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அழாமல் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள்.

மறுநாளும் தண்ணீர் நின்றது. யாரும் இல்லாத நேரத்தில் மூடியைக் கழற்றி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். கொத்தாக வந்தது. சோப்பு அழுக்கைக் கழுவியதும் செம்பட்டை நிறம் தெரிந்தது. இந்த வீட்டில் நரைக்கு மருதாணி போடுபவள் நான் ஒருத்திதான். நேர்ந்த முடி என்று மரியா உதிர்ந்ததைக்கூடப் பொறுக்கி எடுத்து வைப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தவள், "தண்ணி போவுதாக்கா?" என்று கேட்டாள்.

"உன் பழைய முடிதான் உள்ள கெடந்துச்சு."

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

இப்போது வாராவாரம், மற்றவர்கள் பார்ப்பதற்குள், நானே அதைச் சுத்தம் செய்துவிடுகிறேன். அக்காவுக்கு நல்ல மனசு என்று மரியா எல்லோரிடமும் சொல்கிறாள்.